மேடை மாற்ற நாற்பது விநாடி: யாழ்ப்பாணத்தில் ஒரு உலகத் தமிழ்ப் பாட்டுப் போட்டி

தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "2023 டிசெம்பரில் அரியாலைப் பிள்ளை கில்மிஷா சென்னையில் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் வென்றபோது யாழ்ப்பாணமே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது. எப்போதும் நாங்கள்தான் அங்கே போய்ப் பாடவேண்டுமா? ஐரோப்பாவில் யூரோவிஷன் நடப்பதுபோல, தமிழர் வாழும் நாடுகள் ஒவ்வொன்றும் ஒரு பாட்டோடு இங்கே வந்து, யாழ்ப்பாணத்து மேடையில் நேரலையாகப் பாடி, எல்லா நாட்டுச் சனமும் வாக்குப் போடுகிற ஒரு போட்டியை நாங்கள் நடத்த முடியாதா? என்னென்ன வேண்டும்?"

முடியும் தம்பி. மண்டபம் இருக்கிறது, பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், வெளியில் பார்க்கச் சனம் இருக்கிறது, கேமரா பிடிக்கத் தெரிந்த பெடியள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பதினாறு வருடமாக நேரலை வேலைதான் செய்கிறேன். தேர், தீர்த்தம், கலியாணம், அரங்கேற்றம், செத்தவீடு வரைக்கும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்று அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நேரலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. எங்களிடம் இல்லாதது, சொன்ன விநாடிக்குச் சொன்னது நடக்கவேண்டும் என்கிற பழக்கம். நீங்கள் கேட்கிற போட்டிக்கு முதல் வேண்டியது அதுதான் என்று நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்ல, நான் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2025 மே மாதம் யூரோவிஷன் சுவிட்சர்லாந்தில், பாசல் நகரத்தில் நடந்தது. முந்தின வருடம் சுவீடனின் மால்மோவில் சுவிஸ் பாடகர் நீமோ வென்றதால் அந்த வருடம் நடத்துகிற பொறுப்பு சுவிசுக்கு வந்தது. மச்சான் அங்கே இருக்கிறார். இறுதிப் போட்டிக்குச் சீட்டு எடுப்பது நடக்காத காரியம், ஆனால் ஒத்திகைகளுக்கும் சீட்டு விற்பார்கள், அப்படி ஒரு முழு ஒத்திகைக்குப் போனோம். எட்டாவதாகப் பிரிட்டன். மேடையில் ஒரு பெரிய சரவிளக்கு விழுந்து சாய்ந்து கிடப்பதுபோல வைத்து, அதைச் சுற்றி மூன்று பெண்கள் பாடினார்கள். பாட்டு முடிந்தது, கைதட்டல், வெளிச்சம் இறங்கியது. வீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் அடுத்த நாட்டுப் பாடகரைப் பற்றிய சின்னப் படம் ஒன்று போகும், போஸ்ட்கார்ட் என்று சொல்வார்கள். மண்டபத்தில் இருந்த நான் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் கறுப்பு உடுப்புப் போட்ட ஆட்கள் இரண்டு பக்கத்தாலும் ஓடி வருகிறார்கள். ஒரு கூட்டம் சரவிளக்கை உருட்டிக்கொண்டு போகிறது, மறுபக்கத்தால் இன்னொரு கூட்டம் ஒரு படகைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அடுத்தது ஒஸ்திரியா, அந்தப் பாடகர் ஜேஜே படகோடுதான் பாடுவார். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை, இடிபடவில்லை. படகு வந்து நின்ற இடத்தில் தரையில் ஒரு சின்ன ஒட்டுநாடாத் துண்டு. ஒருவர் குனிந்து அந்தக் குறியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். கடைசியாக ஒருவர் அகலமான துடைப்பானால் தரையை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வெளிச்சம் ஏறியது, பாட்டுத் தொடங்கியது. எல்லாம் சேர்த்து நாற்பது ஐம்பது விநாடி. எனக்கு மயிலிட்டியில் விடியக்காலை வள்ளம் கரையேற்றுகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்களும் அப்படித்தான், யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

அந்த இறுதிப் போட்டியில் 26 பாட்டு. அப்படியென்றால் 25 தடவை மேடை மாறவேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் பிந்தினால் நிகழ்ச்சி பன்னிரண்டரை நிமிடம் நீளும். பல நாட்டுத் தொலைக்காட்சிகள் தங்கள் செய்தியை, அடுத்த நிகழ்ச்சியை அதற்கேற்ப அடுக்கி வைத்திருக்கும்போது அதற்கு இடமே இல்லை. எங்கள் ஊர் நிகழ்ச்சிகளில் அந்த அரை நிமிடம் எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும். மைக் ஸ்டாண்டைத் தேடுவார்கள், பொன்னாடை போர்த்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள், அறிவிப்பாளர் அதுவரைக்கும் கதைத்து நிரப்புவார். நேரில் வந்தவருக்கு அது பெரிதாகத் தெரியாது. தொலைக்காட்சியில் அது ஓட்டை.

பாட்டுக்குள்ளேயும் இதே கணக்குத்தான். யூரோவிஷனில் ஒரு பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக்கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக்கூடாது, உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவரக்கூடாது, முதன்மைக் குரல் நேரடியாகத்தான் பாடப்படவேண்டும். 1998 வரைக்கும் வாத்தியக்குழு இருந்தது, 1999 முதல் வாத்தியம் எல்லாம் பதிவு செய்த இசைத்தடத்திலிருந்து வருகிறது. கேட்டால் இது குறைபோலத் தெரியும், ஆனால் மேடைக்காரருக்கு அது பெரிய வசதி. இசைத்தடம் ஓடத் தொடங்கும்போது அதோடு சேர்ந்து டைம்கோட் என்கிற நேரக்குறி ஓடும், அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டுதான் விளக்கு மாறும், பின்னால் இருக்கிற எல்.ஈ.டி. திரையில் படம் மாறும், புகை வரும், மத்தாப்பு வெடிக்கும். இருபதுக்கு மேற்பட்ட கேமராக்களில் எந்த வரிக்கு எது, எத்தனை விநாடி என்று முன்கூட்டியே எழுதி, கியூபைலட் போன்ற மென்பொருளில் ஏற்றி வைத்திருப்பார்கள். கேமராக்காரர் தன் அடுத்த ஷாட் என்ன, அதற்கு இன்னும் எத்தனை விநாடி என்று தன் சின்னத் திரையிலேயே பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் செய்வது வேறு: இயக்குநர் ஐந்து படத்தைப் பார்த்து அந்தக் கணத்தில் பிடித்ததை வெட்டுவார். தேருக்கு அது சரி, தேர் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று நிமிடப் பாட்டுக்கு அது போதாது. பாடகி கண்ணை மூடுகிற வரியில் கேமரா தவில்காரரைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் ஒத்திகைக்கு அவ்வளவு நாள் வைக்கிறார்கள். நாட்டுக்காரர் வந்து இறங்கும் முன்பே அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்களை மேடையில் நிறுத்தி எல்லாப் பாட்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். பிறகு பாடகருக்கு முதல் ஒத்திகை அரை மணித்தியாலம், இரண்டாவது இருபது நிமிடம். அதன்பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் உடுப்பு, ஒப்பனையோடு மூன்று முழு ஒத்திகை. நடுவர்கள் புள்ளி போடுவதுகூட முந்தின இரவு நடக்கிற ஒத்திகையைப் பார்த்துத்தான், இது பலருக்குத் தெரியாது. பாடகர் விமானத்தால் இறங்கி நேரே மேடைக்கு வருகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. இந்தப் போட்டிக்கு அது சரிவராது. வருகிற ஒவ்வொருவரும் குறைந்தது ஐந்து நாள் முன்னதாக யாழ்ப்பாணத்தில் நிற்கவேண்டும் என்று விதியில் எழுதுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இது நான் பட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு கோயில் இசை நிகழ்ச்சி, வெளிநாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பதினைந்து விநாடிக்குள் எடுத்துவிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் ஒலிகளைக் கலக்கிற டிஜிட்டல் மிக்சர் அணைந்து திரும்ப எழும்ப ஒன்றரை நிமிடம் எடுத்தது, எழும்பினதும் பழைய அளவுகள் இல்லை, பாடகரின் மைக் அடைத்துக் கிடந்தது. விளக்கு எரிகிறது, பாடகர் வாயசைக்கிறார், வெளிநாட்டுக்குச் சத்தமில்லை. என் தொலைபேசி விடாமல் அடித்த அந்த ஒன்றரை நிமிடம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து மிக்சருக்கும் கேமராப் படங்களை மாற்றுகிற ஸ்விட்சருக்கும் ஒளிபரப்புக் கணினிக்கும் தனித்தனியாக யூ.பி.எஸ். இல்லாமல் நான் வேலைக்குப் போவதில்லை. நீங்கள் நடத்துகிற போட்டிக்கு இரண்டு ஜெனரேட்டரும் முதலிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கவேண்டும். ஒன்று விளக்குக்கு, மற்றது ஒலிக்கும் ஒளிபரப்புக்கும். மின்சார சபை லைனை மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் தொங்கவேண்டாம். ஒன்றையும் ஒற்றையாக நம்பக்கூடாது. இசைத்தடம் ஓட்டுகிற கணினி இரண்டு இருந்து இரண்டும் ஒன்றாக ஓடவேண்டும், ஒன்று நின்றால் மற்றது எடுக்கும்.

இடம் சின்னது என்று யாரும் சொன்னால் மில்ஸ்ட்ரீட்டின் கதையைச் சொல்லுங்கள். 1992-ல் அயர்லாந்து வென்றது, அடுத்த வருடம் டப்ளினில்தான் நடக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோர்க் மாவட்டத்தில் ஏறக்குறைய 1,500 பேர் மட்டும் இருக்கிற ஒரு சின்ன ஊர் மில்ஸ்ட்ரீட், அங்கே நோயல் டக்கன் என்பவருக்கு ஒரு குதிரையேற்ற மண்டபம் இருந்தது. இங்கே வந்து நடத்துங்கள், மண்டபத்தை இலவசமாகத் தருகிறேன் என்று அவர் அயர்லாந்து ஒளிபரப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். விளக்கு தொங்கவிடக் கூரை உயரம் போதவில்லை, தரையைத் தோண்டிப் பள்ளமாக்கினார்கள். ரயில் வசதியையும் தொலைத்தொடர்பையும் மேம்படுத்தினார்கள். 1993 மே 15-ல் 25 நாடுகள் அங்கே பாடின. எங்கள் நகரம் அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பலாலியில் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்தாயிற்று, கொழும்புக்கு ரயில் ஓடுகிறது, விடுதிகள் இருக்கின்றன.

எந்த இடம் என்று கேட்டால், பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித் தந்த, இப்போது திருவள்ளுவர் பெயரில் இருக்கிற கலாசார மையத்தின் மண்டபம்தான் என் தெரிவு. 600 பேர் இருக்கலாம். கேமரா மேடை, கிரேன், ஒலிமேசை எல்லாம் வைத்தால் நூறு நூற்றைம்பது கதிரை குறையும், அதை முதலே கழித்துவிட்டுச் சீட்டு அடியுங்கள். முற்றவெளியில் இருபதாயிரம் பேரைக் கூட்டலாமே என்று கேட்பார்கள். 2024 பெப்ரவரியில் அங்கே ஹரிஹரன் இசை நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், சனம் தடுப்பை உடைத்து உள்ளே வந்து நிகழ்ச்சி நடுவில் நின்றது. ஒரு சாதாரணக் கச்சேரி அரை மணித்தியாலம் நின்றால் திரும்பத் தொடங்கலாம், பத்து நாட்டுக்கு நேரலை போகும்போது முடியாது. பாசலில்கூடப் போட்டி நடந்த சென் யாகோப் மண்டபத்தில் இருந்தவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம், பக்கத்துக் காற்பந்து மைதானத்தில் பெரிய திரை வைத்து அங்கே முப்பதாயிரத்துக்கு மேல் சனம் பார்த்தது. அதே முறை எங்களுக்கும் பொருந்தும். மண்டபத்தில் போட்டி, துரையப்பா விளையாட்டரங்கில் திரை. அங்கே என்ன நடந்தாலும் போட்டி நிற்காது.

கூரையில் எவ்வளவு பாரம் தொங்கலாம் என்று ஒரு கட்டடப் பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுத்து இல்லாமல் ஒரு விளக்கையும் தொங்கவிடவேண்டாம், நிலத்திலிருந்து எழுப்புகிற சட்டகத்தில் கட்டுங்கள்.

காலம், நேரம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, அதை விட்டுவிடுங்கள். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள், விடுதியும் கிடைக்காது, எங்கள் தொழிலில் ஒரு ஆளும் கிடைக்கமாட்டார். ஜூலை தொடக்கம் நல்லது, வெளிநாட்டில் பள்ளி விடுமுறை தொடங்குகிற காலம். எத்தனை மணிக்கு என்பதை நாங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஏழரை என்று சொல்லிவிடுவோம். இங்கே மாலை 7.30 என்றால் ஜூலையில் லண்டனில் பிற்பகல் 3, சூரிச்சில் 4, ரொறன்ரோவில் காலை 10, எல்லாம் நல்ல நேரம், ஆனால் கோலாலம்பூரில் இரவு 10, சிட்னியில் நள்ளிரவு 12. நிகழ்ச்சி முடிகிறபோது அவுஸ்திரேலியாக்காரர் படுத்திருப்பார், வாக்கு யார் போடுவது? 5.30-க்குத் தொடங்கினால் லண்டன் 1 மணி, சூரிச் 2 மணி, கோலாலம்பூர் இரவு 8, சிட்னி இரவு 10. ரொறன்ரோவுக்குக் காலை 8, சனிக்கிழமை என்றால் தேத்தண்ணியோடு பார்ப்பார்கள். ஆகவே சனிக்கிழமை 5.30. அந்த நேரத்தில் இங்கே இன்னும் வெயில் இருக்கும், திறந்தவெளி மேடையில் விளக்கும் திரையும் எடுபடாது. மண்டபத்துக்குள் நடத்தச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

இனி, எல்லோரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று. நாங்கள் பார்க்கிற பாட்டுப் போட்டிகள் பாடகர் போட்டிகள். சினிமாப் பாட்டை யார் திறமாகப் பாடுகிறார் என்பதுதான் அங்கே கேள்வி. யூரோவிஷன் பாட்டுகளுக்குள் நடக்கிற போட்டி. பாட்டு புதிதாக இருக்கவேண்டும், முந்தின வருடம் செப்டெம்பர் 1-க்கு முன் வெளிவந்திருக்கக்கூடாது, எழுதினவரும் இசையமைத்தவரும் பரிசில் பங்காளிகள். இத்தாலியின் சன்ரேமோ பாட்டு விழா 1951-ல் தொடங்கியது, அதைப் பார்த்துத்தான் யூரோவிஷன் 1956-ல் சுவிசின் லுகானோவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. இரண்டிலும் நடுவில் இருப்பது புதிய பாட்டு. உங்கள் போட்டியிலும் இதை விட்டுக்கொடுக்கவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். புதிய தமிழ்ப் பாட்டு எழுதுகிறவர் வன்னியிலும் இருக்கிறார், ஒஸ்லோவிலும் இருக்கிறார், டர்பனிலும் இருக்கலாம். அவர்கள் பாட்டைக் கேட்க உலகம் முழுவதும் ஒரே மாலையில் உட்காருகிற வாய்ப்பு சினிமாவுக்கு வெளியே எங்களுக்கு இல்லை. நடைமுறையிலும் இது பெரிய நன்மை. சினிமாப் பாட்டை யூடியூபில் நேரலையாகப் போட்டால் உரிமைக்காரருக்காக யூடியூப் வைத்திருக்கிற தானியங்கிக் கண்காணிப்பு ஒளிபரப்பை நடுவிலேயே முடக்கிவிடலாம். கோயில் நிகழ்ச்சிகளில் எத்தனை தடவை இது எங்களுக்கு நடந்தது. புதிய பாட்டென்றால் எழுதினவரிடம் ஒரு கையெழுத்து, அலுவல் முடிந்தது.

யாரை அழைப்பது? நாட்டை அழைக்க முடியாது, நிலையத்தைத்தான் அழைக்கலாம். யூரோவிஷனும் உண்மையில் ஒளிபரப்பு நிறுவனங்களின் போட்டிதான். 1950-ல் உருவான ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் உறுப்பு நிறுவனங்கள் கட்டணம் கட்டி, தங்கள் பாட்டைத் தாங்களே தெரிந்து, தங்கள் நாட்டில் தாங்களே ஒளிபரப்புகின்றன. எங்களுக்கும் சிங்கப்பூரில் வசந்தம், மலேசியாவில் அஸ்ட்ரோ வானவில், இங்கே நேத்ரா என்று தமிழ் ஒளிபரப்பு இருக்கிறது, கனடாவிலும் ஐரோப்பாவிலும் தமிழ் நிலையங்கள் இருக்கின்றன. சங்கங்களிடம் போகமுன் இவர்களிடம் போங்கள். நிலையம் கையெழுத்துப் போட்டால் பாடகரைத் தெரிவது, பயணச் செலவு, அவர்கள் நாட்டு விளம்பரம் எல்லாம் அவர்கள் தலையில் போகும். நீங்கள் கொடுக்கவேண்டியது ஒரு சுத்தமான படமும், அறிவிப்பாளர் குரல் கலக்காத மண்டப ஒலியும். தங்கள் வர்ணனையைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

அனுப்புகிற வழி இரண்டு வேண்டும். பைபர் இணையம் ஒன்று, செய்மதி ஒன்று. செய்மதி 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால் படம் மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி பிடிக்கும், அது பிரச்சினை இல்லை. யூடியூப் நேரலை பத்து இருபது விநாடி பிந்தும், அதுதான் பிரச்சினை. ஒஸ்லோவில் ஒருவர் புள்ளி வாசிக்க வருகிறபோது அவர் யூடியூபில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், அறிவிப்பாளர் வணக்கம் சொல்லி இருபது விநாடி கழித்துத்தான் அவர் சிரிப்பார். அவர்களுக்குத் தனி இணைப்பும் காதில் நேர ஒலியும் கொடுங்கள். ரேடியோ மைக்குகளின் அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் நேரத்தோடு போங்கள். மண்டபத்துக்குள் இருபது மைக், காதுக்குள் வைக்கிற கருவிகள், வொக்கி டோக்கி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் யாருடைய குரல் யாருக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு பாதுகாப்பு. ஒவ்வொரு பாடகரின் முழு ஒத்திகையையும் நேரலைத் தரத்தில் பதிந்து வையுங்கள். 2021-ல் ரொட்டர்டாமில் ஐஸ்லாந்துக் குழுவில் ஒருவருக்குக் கொரோனா வந்துவிட்டது, மேடையேற முடியவில்லை. இரண்டாவது ஒத்திகையின் பதிவைத்தான் இறுதிப் போட்டியில் போட்டார்கள், அவர்கள் நான்காம் இடம் வந்தார்கள். தொண்டை கட்டினாலும் விமானம் பிந்தினாலும் அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்றும்.

வாக்கு. இதில்தான் போட்டி வாழும் அல்லது சாகும், ஆகவே கொஞ்சம் விரிவாக. உலகம் முழுவதும் விழுகிற வாக்கைக் கூட்டி அதிகம் எடுத்தவர் வென்றார் என்று வைத்தால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல் சனம், நோர்வேயில் தமிழர் மிகக் கொஞ்சம். முதல் வருடமே முடிவு தெரிந்துவிடும், இரண்டாம் வருடம் யாரும் வரமாட்டார்கள். யூரோவிஷன் 1975-லிருந்து வைத்திருக்கிற முறை இதற்கு மருந்து. ஒவ்வொரு நாடும் தன் முதல் தெரிவுக்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8 முதல் 1 வரை. பெரிய நாடோ சின்ன நாடோ இப்படி ஒரு தொகுதிப் புள்ளியாகக் கொடுக்கக்கூடியது மொத்தம் 58தான், தன் பாட்டுக்குத் தான் போட முடியாது. 2016 முதல் நடுவர்கள் ஒரு தொகுதி, சனம் ஒரு தொகுதி என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்கள். அதையே எடுங்கள், ஒரு மாற்றத்தோடு. உங்களுக்குப் பன்னிரண்டு நாடு வந்தால் ஒரு நாடு மற்றப் பதினொன்றில் பத்துக்குப் புள்ளி கொடுக்கும், எல்லாப் பாட்டுக்கும் எல்லோரும் கொடுப்பதுபோல ஆகிவிடும். முதல் ஐந்து பாட்டுக்கு மட்டும் கொடுங்கள், 7, 5, 3, 2, 1 என்று.

சமநிலை வந்தால் என்ன என்பதைப் போட்டிக்கு முதலே எழுதுங்கள். 1969-ல் மட்ரிட்டில் நான்கு நாடுகள் ஒரே புள்ளியில் முதலாவதாக வந்தன, விதி இல்லாததால் நான்கும் வென்றதாக அறிவித்தார்கள், அடுத்த வருடம் சில நாடுகள் வரவேயில்லை, பன்னிரண்டு நாடுகள்தான் போட்டியிட்டன. 1991-ல் ரோமில் சுவீடனும் பிரான்சும் சமமாக வந்தபோது விதி இருந்தது. இரண்டுக்கும் எத்தனை தடவை 12 கிடைத்தது என்று எண்ணினார்கள், அதிலும் சமம், பிறகு எத்தனை தடவை 10 கிடைத்தது என்று எண்ணியபோது சுவீடன் வென்றது.

நடுவர்களை நம்பலாம், ஆனால் கணக்கைப் பார்க்க வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும். 2022-ல் இரண்டாவது அரையிறுதியில் ஆறு நாட்டு நடுவர்களின் புள்ளிகள் ஒழுங்காக இல்லை என்று கண்டுபிடித்து அவற்றை நீக்கி வேறு கணக்கில் புள்ளி போட்டார்கள், அதைப் பகிரங்கமாகவும் சொன்னார்கள். பகிரங்கமாகச் சொன்னதுதான் முக்கியம். எங்கள் சனம் தோல்வியைத் தாங்கும், மறைத்ததைத் தாங்காது. முடிவு அறிவித்த அன்றிரவே ஒவ்வொரு நடுவரின் புள்ளியையும் பெயரோடு வெளியிடுங்கள். ஒரு தொலைபேசியிலிருந்து எத்தனை வாக்கு என்பதற்கும் எல்லை வையுங்கள். யூரோவிஷனிலேயே நீண்டகாலம் இருபதாக இருந்ததை 2026-க்குப் பத்தாகக் குறைத்தார்கள். எங்களுக்கு மூன்று போதும்.

பணம் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். பாசல் மாநிலம் தன் பங்குக்கு ஏறக்குறைய 35 மில்லியன் பிராங் ஒதுக்கியது, அதை எதிர்த்து மக்கள் வாக்கெடுப்பு நடந்து மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். அந்தத் தொகை எங்களுக்குத் தேவையில்லை. பணம் குறைவாக இருந்தால் எல்.ஈ.டி. திரையைக் குறையுங்கள், ஒத்திகை நாளைக் குறைக்கவேண்டாம்.

மேடை மாறுகிற அந்த நாற்பது விநாடிக்குப் போகிற போஸ்ட்கார்ட்டுகள்தான் உங்களுக்குக் கிடைக்கிற தங்கம். டர்பனிலிருந்து வந்த பெண் நெடுந்தீவுக் குதிரைகளுக்கு நடுவில் நடக்கட்டும், மலேசியப் பெடியன் கசூரினாக் கடற்கரையில் நிற்கட்டும், கனடாப் பிள்ளை தன் அம்மம்மாவின் பழைய வீட்டுப் படலையைத் திறக்கட்டும். பாடகர்கள் ஐந்து நாள் முன்னதாக நிற்கவேண்டும் என்றேனே, இதற்கும் சேர்த்துத்தான். வாக்கு எண்ணுகிற நேரத்துக்குச் சினிமா நடனம் வைக்கவேண்டாம். 1994-ல் டப்ளினில் அந்த இடைவேளைக்கு ஏழு நிமிடம் ஆடின ஐரிஷ் நடனம்தான் ரிவர்டான்ஸ், பிறகு அது உலகம் சுற்றியது. எங்களிடம் தவில் இருக்கிறது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி பிறந்த மண், இணுவிலிலும் அளவெட்டியிலும் இன்னும் வீடு வீடாக வாசிக்கிறார்கள். எட்டுத் தவில், நான்கு நாதஸ்வரம், ஏழு நிமிடம், நல்ல ஒலிப்பதிவாளர் ஒருவர். தவிலுக்கு மைக் வைப்பது தனி வேலை, வலப்பக்க முகமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கத் தொப்பிக்கு ஒன்று, நாதஸ்வரத்துக்கு அதன் விரிந்த வாயான அணைசிலிருந்து கொஞ்சம் விலக்கி வைக்கவேண்டும், அந்த வாய்க்குள் நேராக வைத்தால் சத்தம் கிழியும்.

சரி, எங்கே தொடங்குவது? நிலையங்களுக்குக் கடிதம் எழுதமுன் இதைச் செய்யுங்கள். ஏதாவது ஒரு பள்ளி மண்டபத்தை ஒரு சனிக்கிழமைக்குக் கேட்டு எடுங்கள். மூன்று பாட்டு, மூன்று விதமான மேடை. ஒன்றுக்கு மேசையும் கதிரையும், ஒன்றுக்கு மிருதங்கம் வைக்கிற மேடை, ஒன்றுக்கு வெறும் தரை. பத்துப் பெடியளுக்குக் கறுப்பு உடுப்பு, தரையில் மூன்று நிற ஒட்டுநாடா, ஒரு ஸ்டொப்வாட்ச். முதல் தடவை மூன்று நிமிடம் எடுக்கும், ஆளுக்கு ஆள் சத்தம் போடுவார்கள். இருபதாவது தடவை ஒரு நிமிடத்துக்கு வரும். நாற்பது விநாடிக்கு, யாரும் வாய் திறக்காமல், தொடர்ந்து மூன்று தடவை வந்தால் எனக்குச் சொல்லுங்கள், கேமராக்களோடு அடுத்த சனிக்கிழமை நான் வருகிறேன்.